பங்குனியில் மூக்கனேரிக்குப் பறவை பார்க்கப் போகிறீர்களா? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

சேலம் கன்னங்குறிச்சியில், சேர்வராயன் மலை அடிவாரத்தில் இருக்கிற மூக்கனேரிக்குப் பல வருடங்களாகப் போய்வருகிறேன். கூட வருகிறவர்களும், போக நினைத்து விசாரிக்கிறவர்களும் கேட்பது பெரும்பாலும் ஒரே கேள்விகள்தான். மார்ச் நடுவிலிருந்து ஏப்ரல் நடு வரை, அதாவது பங்குனியில், ஒரு நாளை அந்த ஏரிக்கரையில் கழிக்க நினைப்பவர்களுக்காக அவற்றுக்கு எனக்குத் தெரிந்த பதில்களை இங்கே எழுதியிருக்கிறேன்.

பறவை சீசன் தை மாசியோடு முடிந்துவிடுமே, வெயில் காலத்தில் போய் என்ன பார்ப்பது?

தையில் பறவைகளின் எண்ணிக்கை அதிகம், அதில் சந்தேகமில்லை. ஆனால் பறவைகளைக் கற்றுக்கொள்ள வேண்டும் என்றால் நான் பங்குனியைத்தான் சொல்வேன்.

முதல் காரணம் தண்ணீர். மழை முடிந்து மூன்று மாதம் ஆகியிருக்கும், ஏரி ஓரம் கொஞ்சம் கொஞ்சமாக வற்றிச் சேறு தெரியும். தையில் நடு ஏரியில் புள்ளியாகத் தெரிந்த பறவைகள் இப்போது இரை தேடிக் கரையோரம் வரும்.

இரண்டாவது காரணம் எனக்கு இன்னும் முக்கியம். பறவைகள் புது உடுப்புக்கு மாறுகிற மாதம் இது. மீசை ஆலாவை எடுத்துக்கொள்ளுங்கள். தண்ணீருக்கு மேல் தாழ்வாகப் பறந்துகொண்டே இருந்து, சட்டென்று இறங்கி அலகால் எதையோ கொத்திக்கொண்டு மேலே போகும் வெளிர்ச் சாம்பல் பறவை. மார்கழியில் அதைப் பார்த்தால் மீசை எங்கே என்று தேடுவீர்கள், இருக்காது. பங்குனி பாதியில் அதன் தலை உச்சி முழுதும் கறுத்துவிடும், வயிறு கருஞ்சாம்பல் ஆகிவிடும், இரண்டுக்கும் நடுவில் கன்னத்தில் மட்டும் ஒரு வெள்ளைக் கோடு மிஞ்சும். அதுதான் மீசை. எனக்கு அந்தப் பெயரின் காரணம் புரிய நான்கு வருடம் ஆனது, ஏனென்றால் அந்த நான்கு வருடமும் நான் குளிர்காலத்தில் மட்டுமே போயிருந்தேன்.

மாறிக்கொண்டிருக்கும் பறவையைப் பார்ப்பது இன்னும் நன்றாக இருக்கும். ஒரே கூட்டத்தில் ஒன்றுக்கு வயிறு வெள்ளை, ஒன்றுக்குத் திட்டுத் திட்டாகக் கறுப்பு, ஒன்றுக்கு முழுதும் கறுப்பு. இரண்டு வாரம் விட்டுப் போனால் அந்தக் கூட்டமே வேறாக இருக்கும். அப்புறம் ஒருநாள் கிளம்பிப் போயிருக்கும்.

மூக்கனேரியை ஏன் சொல்கிறீர்கள்? சேலத்தில் வேறு ஏரி இல்லையா?

இருக்கின்றன. அம்மாபேட்டைப் பக்கம் குமரகிரி ஏரி இருக்கிறது. ஒரு காலத்தில் ஊருக்கே குடிநீர் தந்த பனமரத்துப்பட்டி ஏரி இருக்கிறது. அங்கே சீமைக்கருவேலம் மண்டிக் கிடந்ததைப் பார்த்து மனசு கனத்திருக்கிறது. மேட்டூர் அணைக்கும் போகலாம், ஆனால் அது பெரிய நீர்ப்பரப்பு, முதல்முறை போகிறவருக்குப் பறவைகள் எல்லாம் தூரத்தில் இருக்கும்.

மூக்கனேரி சுமார் 58 ஏக்கர். கைக்கு அடக்கமான ஏரி. மலையிலிருந்து வருகிற ஓடைத் தண்ணீர்தான் அதற்கு ஆதாரம். குப்பையும் சாக்கடையும் சேர்ந்து நாசமாகிக்கொண்டிருந்த ஏரியை 2010இல் சேலம் மக்கள் குழு என்ற அமைப்பினர் பொதுமக்களோடு சேர்ந்து தூர்வாரினார்கள். எடுத்த மண்ணை வெளியே கொட்டாமல் ஏரிக்குள்ளேயே சிறு சிறு திட்டுகளாகக் குவித்து மரம் நட்டார்கள். அந்தத் திட்டுகள்தான் இன்றைக்குக் கொக்குக்கும் நீர்க்காகத்துக்கும் வீடு. நாய் போகமுடியாது, ஆள் போகமுடியாது, நாலு பக்கமும் தண்ணீர். பறவைக்கு இதைவிட என்ன வேண்டும்?

எப்படிப் போவது, எத்தனை மணிக்கு இருக்க வேண்டும்?

பழைய பஸ் ஸ்டாண்டிலிருந்து கன்னங்குறிச்சிக்கு டவுன் பஸ் உண்டு. விடியற்காலைக்கு டூவீலர்தான் வசதி.

பங்குனியில் இங்கே சூரியன் ஏறக்குறைய 6.15க்கு உதிக்கும். ஆறு மணிக்குக் கரையில் இருங்கள். ஆறிலிருந்து எட்டரை வரைதான் தங்கமான நேரம். ஒன்பதுக்கு மேல் தண்ணீரிலிருந்து கானல் எழும்பும், பைனாகுலரில் எல்லாமே ஆடும். வெயில் 37, 38 டிகிரியைத் தொடும் நாட்கள் இவை.

சூரியன் உங்கள் முதுகுக்குப் பின்னால் இருக்க வேண்டும். காலையில் முடிந்தவரை கிழக்குப் பக்கமும் மாலையில் மேற்குப் பக்கமும் நில்லுங்கள். எதிர்வெயிலில் பார்த்தால் பச்சைக்கிளியும் கறுப்பாகத்தான் தெரியும்.

பைனாகுலர் இல்லாமல் போகலாமா? என்ன வாங்குவது?

முதல் இரண்டு முறை இல்லாமலே போங்கள். வெறுங்கண்ணுக்கே இருபது வகை தெரியும். பிடித்துவிட்டது என்றால் 8x42 என்று போட்டிருப்பதை வாங்குங்கள். எட்டு மடங்கு பெரிதாகக் காட்டும், முன் கண்ணாடி 42 மில்லிமீட்டர் அகலம் என்று பொருள். 10, 12 மடங்கு என்று ஆசைப்படாதீர்கள், கை நடுக்கமும் அத்தனை மடங்கு பெரிதாகும். முக்கியமான பழக்கம் ஒன்று: பறவையைக் கண்ணால் பார்த்தபடியே, பார்வையை எடுக்காமல், பைனாகுலரைக் கண்ணுக்குக் கொண்டுவர வேண்டும். கீழே குனிந்து அதை எடுத்துவிட்டு மறுபடி தேடினால் பறவை போயிருக்கும். வீட்டு மொட்டைமாடியில் காக்காயை வைத்துப் பழகுங்கள்.

மற்றபடி தண்ணீர் பாட்டில், தொப்பி, மண் நிறத்தில் ஒரு சட்டை, சின்ன நோட்டு. அவ்வளவுதான்.

முதல் நாளே பெயர் சொல்லக்கூடிய பறவைகள் எவை?

நாமக்கோழியில் ஆரம்பியுங்கள். உடம்பெல்லாம் கறுப்பு, நெற்றியில் பளிச்சென்று வெள்ளை நாமம். பெயர் வைத்தவர்கள் ஏரியோரத்துக்காரர்கள்தான் என்பது பார்த்தவுடனே தெரியும். அது எழும்பிப் பறப்பதைக் கவனியுங்கள். தண்ணீர்மேல் தபதபவென்று கொஞ்ச தூரம் ஓடினால்தான் அதனால் மேலே எழ முடியும்.

பக்கத்திலேயே குட்டியாக ஒன்று மிதந்துகொண்டிருந்து திடீரென்று காணாமல் போகும், பத்தடி தள்ளி எழும். அது முக்குளிப்பான். எங்கே எழும் என்று குழந்தைகளைப் பந்தயம் கட்டச் சொல்லுங்கள், அரைமணி நேரம் போவதே தெரியாது.

ஆகாயத்தாமரை மேல் தரையில் நடப்பதுபோல் நடப்பது இலைக்கோழி. பைனாகுலரில் காலை மட்டும் பாருங்கள். விரல்கள் உடம்புக்குப் பொருத்தமே இல்லாமல் நீண்டு விரிந்திருக்கும். உடல் பாரத்தை அவை பரப்பிவிடுவதால்தான் இலை அமிழ்வதில்லை. இந்தப் பறவையில் முட்டையை அடைகாப்பதும் குஞ்சை வளர்ப்பதும் ஆண்தான். நீளவால் இலைக்கோழி கண்ணில் பட்டால் உங்களுக்கு அதிர்ஷ்டம். அந்த நீண்ட கறுப்பு வால் வெயில் காலத்தில்தான் வளரும், குளிர்காலத்தில் அந்த நீளம் இருக்காது.

சம்பங்கோரை ஓரம் ஊதாவும் நீலமுமாகக் கோழி அளவுக்கு ஒன்று, சிவந்த அலகும் சிவந்த நெற்றியுமாக நின்றால் அது நீலத் தாழைக்கோழி. தண்டை உருவிக் காலால் பிடித்துக்கொண்டு, கிளி பழம் தின்பதுபோல் கடித்துத் தின்னும். கூழைக்கடா, மீன்கொத்தி இரண்டையும் நான் சொல்லித்தர வேண்டியதில்லை.

மரத்தில் இறக்கையை விரித்துக்கொண்டு கறுப்பாக உட்கார்ந்திருப்பது எல்லாம் ஒரே பறவையா?

இல்லை, இரண்டு வகை. நீர்க்காகமும் பாம்புத்தாராவும். நீர்க்காகத்தின் அலகு நுனியில் கொக்கிபோல் வளைந்திருக்கும், அதனால் மீனைக் கவ்வும். பாம்புத்தாராவின் அலகு ஈட்டிபோல் நேராக இருக்கும், குத்தும். அது நீந்தும்போது உடம்பு முழுக்கத் தண்ணீருக்குள், கழுத்து மட்டும் வெளியே பாம்புபோல் நெளியும். இரண்டுக்கும் இறகு தண்ணீரில் ஊறிவிடும். ஊறிக் கனப்பதால்தான் ஆழத்தில் முங்க முடிகிறது, அதனால்தான் வெளியே வந்து துணி காயப்போட்டதுபோல் இறக்கையை உலர்த்துகின்றன.

கொக்குகளில் குழப்பமாக இருக்கிறது. எப்படிப் பிரிப்பது?

எல்லாரும் அலட்சியமாகத் தாண்டிப் போகிற மடையானிலிருந்து தொடங்குங்கள். மடை ஓரத்தில் அசையாமல் நிற்கும் மண் நிறக் கொக்கு, சிலர் குருட்டுக் கொக்கு என்பார்கள். கிட்டப் போகும்வரை நிற்பது தெரியாது, எழுந்தவுடன் இறக்கை இரண்டும் வெள்ளை வெளேரென்று விரியும்.

போன பங்குனியில் ஒரு மடையானை முக்கால் மணி நேரம் பார்த்தேன். மதகுக் கல்லுக்கு ஒரு கை தூரத்தில் நின்றது. முதுகில் அந்தப் பழைய மண் நிறம் இல்லை, பழுத்த நாவற்பழத்தைப் பிழிந்து ஊற்றியதுபோல் கருஞ்சிவப்பு. பின்னந்தலையிலிருந்து இரண்டு மூன்று வெள்ளை இறகுகள் நூல்போல் தொங்கின, காற்று வந்தபோது அவை மட்டும் ஆடின. கழுத்து கொஞ்சம் கொஞ்சமாக, கடிகார முள் நகர்வதுபோல், முன்னால் நீண்டது. கொத்தியது எப்போது என்று என் கண் பிடிக்கவில்லை. அலகில் ஒரு ஜிலேபி மீன் குஞ்சு துடித்துக்கொண்டிருந்தது. அதை இரண்டு முறை தூக்கிப்போட்டுத் தலைப்பக்கமாகத் திருப்பி விழுங்கியது. வால்பக்கமாக விழுங்கினால் செதிலும் முள்ளும் தொண்டையில் குத்தும் என்பது அதற்குத் தெரிந்திருக்கிறது.

உண்ணிக்கொக்கும் இந்த மாதம் நிறம் மாறும். தலை, கழுத்து, முதுகு மட்டும் மஞ்சள் கலந்த ஆரஞ்சு. மாட்டோடு மேய்ச்சலில் இருப்பதைப் பார்த்தால் போதும், சந்தேகமே வராது. மற்ற வெள்ளைக் கொக்குகளுக்குக் காலைப் பாருங்கள். கறுப்புக் காலில் மஞ்சள் பாதம் என்றால் சின்னக் கொக்கு. சாம்பல் நாரையும் செந்நாரையும் உயரத்திலேயே தனியாகத் தெரிந்துவிடும்.

கரையில் நடந்தால் ஒரு பறவை தலைக்கு மேல் சுற்றிச் சுற்றிக் கத்துகிறதே, ஏன்?

ஆள்காட்டி. ஆள் வருவதை ஊருக்கே சொல்வதால் அந்தப் பெயர். பங்குனியில் அது விடாமல் கத்தினால் உங்கள் காலடியில் எங்கோ முட்டை இருக்கிறது என்று பொருள். உடனே நின்றுவிடுங்கள். அப்புறம் வந்த வழியே, கீழே பார்த்தபடி, திரும்புங்கள்.

அது கூடு கட்டாது. வெறுந்தரையில் கூழாங்கற்களுக்கு நடுவே ஒரு சின்னக் குழி, அதில் பெரும்பாலும் நான்கு முட்டை. முட்டையின் நிறம் மண்ணும் கல்லும் கலந்த நிறம். ஒருமுறை என் செருப்புக்கு ஒரு சாண் முன்னால் இருந்ததை நான் கவனிக்கவில்லை. கூட வந்த மாடு மேய்க்கும் ஐயா தடியை நீட்டித் தடுத்து, “அங்க பாருங்க சாமி” என்றார். அவர் காட்டிய பிறகும் இரண்டு மூன்று நொடி எனக்குக் கல் மட்டும்தான் தெரிந்தது.

நாங்கள் தள்ளிப் போய் ஒரு வேலமரத்தடியில் உட்கார்ந்தோம். பத்து மணி வெயில். தாய் நேராக முட்டைக்கு வரவில்லை. தண்ணீர் ஓரம் போய் நின்று, வயிறு நனையும்படி நாலைந்து முறை அமிழ்ந்து எழுந்தது. அப்படியே ஈரத்தோடு நடந்து வந்து முட்டைமேல் உட்கார்ந்தது. வெயிலில் முட்டை வெந்துவிடாமல் இருக்க இந்தப் பறவைகள் இப்படித்தான் வயிற்று இறகில் தண்ணீர் கொண்டுவரும். ஏறக்குறைய நான்கு வாரம், குஞ்சு பொரிக்கும் வரை.

அதனால்தான் கேட்டுக்கொள்கிறேன்: செல்ஃபிக்காக முட்டை அருகே உட்காராதீர்கள். நீங்கள் நிற்கிற ஒவ்வொரு நிமிஷமும் அந்த முட்டை வெயிலில் கிடக்கிறது.

இந்த மாதம் விடைபெற்றுப் போகிற பறவைகள் எவை?

நீலச்சிறகி முதலில் கிளம்பும். ஆணுக்குக் கண்ணுக்கு மேல் பட்டையாக ஒரு வெள்ளைப் புருவம் இருக்கும், பார்த்தால் மறக்காது. மஞ்சள் வாலாட்டி இன்னும் இருக்கும், போகிற சமயத்தில்தான் அதன் மஞ்சள் நன்றாக ஏறியிருக்கும். மாலையில் கூட்டம் கூட்டமாக மரங்களில் அடையும் சோளக்குருவிகள் உடம்பில் ரோஜா நிறமும் தலையில் கறுப்புமாக மாறி, ஏப்ரல் நடுவுக்குள் மத்திய ஆசியப் பக்கம் போய்விடும்.

ஆறுமணிக்குருவியைத் தனியாகச் சொல்ல வேண்டும். காலை ஆறு, மாலை ஆறு வாக்கில் இரட்டை விசில்போல் கூவும், அதனால் அந்தப் பெயர். பச்சை, நீலம், சிவப்பு, கறுப்பு, பழுப்பு என்று அத்தனை நிறமும் ஒரே குட்டி உடம்பில். குளிர்காலத்தை நம் பக்கத்துக் காட்டோரங்களில் கழித்துவிட்டு வடக்கே திரும்புகிற நேரம் இது. வழியில் களைத்து வீட்டுத் தோட்டத்தில் இறங்குவதும் உண்டு. அப்படி ஒன்று கண்ணில் பட்டால் பூனை, நாய் அண்டாமல் பார்த்துக்கொண்டு, நிழலில் இருக்க விட்டுவிடுங்கள். தானாகக் கிளம்பிப் போகும்.

குயில் இப்போதுதான் வருகிறதா?

வருடம் முழுக்க இங்கேதான் இருக்கிறது. கார்த்திகை, மார்கழியில் வாய் திறக்காது, நமக்கு இல்லாததுபோல் தோன்றும். மாசி கடைசியில் ஆரம்பித்து, சேலத்து மாம்பழம் கடைக்கு வரும்போது உச்சத்தில் கூவும். கூவுவது கறுத்த ஆண். பெண் பழுப்பு, உடம்பெல்லாம் வெள்ளைப் புள்ளி.

பத்து மணிக்கு மேல் என்ன செய்வது? அதே நாள் ஏற்காடு போகலாமா?

போகலாம், நான் பலமுறை போயிருக்கிறேன். அடிவாரம் தாண்டினால் 20 கொண்டை ஊசி வளைவுகள். மேலே ஏறக்குறைய 1,500 மீட்டர் உயரம், கீழே கொதிக்கும்போது அங்கே மரநிழலில் உட்கார முடியும்.

ஆனால் ஏற்காடு ஏரியில் பறவை பார்க்கலாம் என்று போகாதீர்கள். படகுச் சத்தத்தில் அங்கே நீர்ப்பறவை நிற்பது குறைவு. காப்பித் தோட்டத்து ஓரச் சாலைகளில் மெதுவாக நடங்கள். மார்ச், ஏப்ரலில் ஒரு நல்ல மழை விழுந்தால் காப்பிச் செடி மொத்தமும் வெள்ளையாகப் பூத்து மல்லிகைபோல் மணக்கும். சில்வர் ஓக் நிழலில் செம்மீசைச் சின்னானும் வெள்ளைக்கண்ணியும் சுலபமாகத் தெரியும். தரையில் பச்சை இறக்கையோடு ஓசைப்படாமல் நடப்பது மரகதப்புறா, நம் மாநிலப் பறவை. பாறைச் சரிவுப் புதர்களில் மஞ்சள்தொண்டைச் சின்னான் இருக்கிறது. தென்னிந்தியாவின் பாறைக் குன்றுகளைத் தவிர உலகத்தில் வேறெங்கும் இல்லாத பறவை அது. பார்க்கப் பொறுமை வேண்டும். தோட்டத்துக்குள் அனுமதி கேட்டுப் போங்கள். காட்டெருமை நடமாட்டம் இருக்கிறதா என்று உள்ளூர்க்காரரிடம் விசாரிக்காமல் ஒற்றையடிப் பாதையில் இறங்காதீர்கள்.

நாலரைக்கெல்லாம் மலையை விட்டு இறங்கிவிட்டால் மாலை ஏரி கிடைக்கும்.

மாலையில் என்ன விசேஷம்?

வீடு திரும்புவதுதான். ஐந்தரையிலிருந்து உண்ணிக்கொக்குகள் வரிசை வரிசையாக வந்து திட்டு மரங்களில் அடையும். நல்ல கிளைக்குச் சண்டை, இறக்கை அடி, ஒரே கூச்சல். இருட்டும் நேரத்தில் அதே மரங்களிலிருந்து வக்கா எழுந்து எதிர்த்திசையில் போகும், “வக்” என்று ஒற்றைச் சத்தம். பகல் முழுக்கத் தூங்கிவிட்டு இரவு வேட்டைக்குப் போகிற பறவை. ஒரு கூட்டம் வேலை முடிந்து உள்ளே வர, இன்னொரு கூட்டம் ராத்திரி ஷிப்டுக்கு வெளியே போகும்.

பறவைக் குரலைப் போனில் போட்டு அருகே வரவைக்கலாமா?

வேண்டாம், அதுவும் இந்த மாதம் கூடவே கூடாது. இனப்பெருக்கக் காலத்தில் அந்தக் குரல் அதற்கு எதிரியின் குரல். இரை தேட வேண்டிய நேரத்தில் இல்லாத எதிரியைத் தேடி அலையும். முட்டை எடுப்பதும் வலை போடுவதும் 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம். பார்த்தால் வனத்துறைக்குச் சொல்லுங்கள்.

பெயர் தெரியாத பறவையை எப்படிக் கண்டுபிடிப்பது? பார்த்ததை எங்கே பதிவது?

முதலில் நோட்டில் எழுதுங்கள்: மைனாவைவிடப் பெரிதா சின்னதா, அலகு எப்படி, கால் நிறம் என்ன, என்ன செய்துகொண்டிருந்தது. அதன் பிறகு பறவையை அடையாளம் காட்டும் மெர்லின் செயலியைத் திறங்கள், இலவசம்தான். செயலியை முதலில் திறந்தால் அது சொல்வதைத்தான் கண் பார்க்கும்.

பார்த்ததைப் பதிய இபேர்ட் (eBird) என்ற இணையதளம் இருக்கிறது. நேரம், நடந்த தூரம், வகைவாரியாக எண்ணிக்கை போட வேண்டும். காக்கா, மைனா என்று விட்டுவிடாதீர்கள், எல்லாவற்றையும் பதிந்தால்தான் அந்தப் பட்டியல் ஆராய்ச்சிக்குப் பயன்படும். ஒவ்வொரு ஜனவரியிலும் தமிழகம் முழுக்கப் பொங்கல் பறவைகள் கணக்கெடுப்பு நடக்கிறது, பழகிவிட்டால் அதிலும் சேர்ந்துகொள்ளுங்கள். நம் ஊரிலேயே சேலம் பறவையியல் கழகம் இருக்கிறது. தெரிந்தவர்களோடு நாலு நடை நடந்தால் ஒரு வருடப் படிப்பு.

மறுபடி எப்போது வரலாம்?

இரண்டு வாரம் கழித்து, அதே இடத்துக்கு, அதே நேரத்துக்கு. நீலச்சிறகி போயிருக்கும். தண்ணீர் இன்னும் ஐந்தாறு அடி உள்வாங்கியிருக்கும். ஆலாக்கள் இருந்தால் அவற்றில் எத்தனைக்கு வயிறு கறுத்திருக்கிறது என்று எண்ணிக் குறித்துவையுங்கள். ஆள்காட்டி முட்டை இருந்த இடத்தைத் தூரத்திலிருந்து மட்டும் பாருங்கள். குஞ்சு பொரித்திருந்தால் தாய் கத்தியவுடன் அது அசையாமல் தரையோடு படுத்துவிடும். பைனாகுலரில் கல்லை ஒவ்வொன்றாகத் தேடினால், அதில் ஒரு கல் கண் சிமிட்டும்.